செவலை எப்போது கத்தியது?

எங்கள் தொழிலில் பாதி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை செய்கிற வேலை. மீதிப் பாதி, அந்த வேலையை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று விழிப்பது. நான் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். கால்நடை ஆய்வாளர் என்பது சம்பளப் பட்டியலில் உள்ள பெயர். படப்பைக்கும் ஓரகடத்துக்கும் இடையில் உள்ள ஊர்களில் நான் 'ஊசி டாக்டர்'. ஐம்பதைத் தாண்டிவிட்டேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்ள முடியாத, ஆனால் விட்டுவிடவும் மனம் வராத ஒரு வேலை வாய்த்திருந்தால், நாம் இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் கட்டப்பட்டவர்கள்தான். இந்த 1991-ல் எனக்கு நேர்ந்த சிலவற்றை உங்களிடம் சொன்னால் மனம் கொஞ்சம் லேசாகும் என்று தோன்றுகிறது.

என்ன உத்தியோகம்?

என் பெரிய பெண்ணைப் பார்க்கப் பென்னலூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா நல்ல ஆகிருதியான மனிதர். சட்டமாக உட்கார்ந்துகொண்டு, எனக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். கால்நடைத் துறை என்றேன். டாக்டரா என்றார். இல்லை, ஆய்வாளர் என்றேன். எதை ஆய்வு செய்வீர்கள் என்றார். மாட்டை என்றேன். மாட்டில் எதை என்று அவர் வாயெடுப்பதற்குள் என் மனைவி கேசரித் தட்டோடு ஓடிவந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். இத்தனை வருடமாகச் செய்து, சோறு தின்கிற வேலை. அதைச் சொல்ல நாக்கு ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று அன்று முழுக்க என் மேலேயே எனக்குக் கோபம்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு சொல்லியனுப்பினார்கள். சம்பந்தம் நிற்கவில்லை, ஆனால் மாமா வீட்டு மாட்டுக்குச் சினை நின்றது. என் எல்லைக்கு வெளியே என்றாலும் பென்னலூருக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வந்தேன். ஏனென்றால் அன்று வாசலில் செருப்பை மாட்டும்போது அந்த மாமா என்னைத் தனியாக இழுத்துக் காதில் சொன்னது இது: "எனக்கு அப்பவே புரிஞ்சிட்ச்சி சார். எங்க வூட்லயும் ஒண்ணு நிக்காம கீது. பொம்பளைங்க எதிர்ல எப்படிக் கேக்கறதுன்னுதான் கேசரியத் துன்னுகினு இருந்தேன்."

மஞ்சள் தண்ணீர்

சேரப்பணஞ்சேரி முனுசாமி வீட்டுக்கு நான் முதலில் போனது தை கழிந்த சமயம். முனுசாமி, ஹைவே ஓரத்தில் இருக்கிற ஒரு வார்ப்படக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். மாடு அவர் மனைவி தனத்துடையது. செவலை என்று பெயர், ஜெர்சி கலப்பு. கன்றுக்குட்டியாக வந்ததை வளர்த்து, இரண்டு ஈத்து கண்டு, அதன் பாலை சொசைட்டியில் ஊற்றி, அந்த வருமானத்தைத் தன் கையில் வைத்திருப்பவர் தனம். பால் வற்றுவதற்குள் அது மறுபடி சினையாக வேண்டும்.

நாங்கள் காளையை ஓட்டிக்கொண்டு போவதில்லை. காளையின் விந்து மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, திரவ நைட்ரஜன் கேனுக்குள் கடுங்குளிரில் உறைந்து கிடக்கும். ஒரு குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டு உருக்கி, நீண்ட ஊசியில் பொருத்தி உள்ளே செலுத்த வேண்டும். அதற்குத்தான் முனுசாமியிடம், நல்ல காரியத்துக்கு ஒரு சொம்பு வெந்நீர் வேண்டும் என்று கேட்டேன். கதவு கொஞ்சம் திறந்தது. வளையல் போட்ட ஒரு கை சொம்பை நிலைப்படியில் வைத்துவிட்டு உள்ளே போனது. பார்த்தால் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. மேலே குங்குமம் மிதக்கிறது. எனக்கு வெறும் தண்ணீர்தான் வேண்டும் என்றேன். முனுசாமி உள்ளே போனார், கதவுக்குப் பின்னால் ஏதோ கிசுகிசு, திரும்பி வந்தார். இந்தத் தனம் வாயில்லாத பெண் அல்ல. சொசைட்டியில் அளவு குறைந்தால் அவர் குரல் கூட்டு ரோடு வரைக்கும் கேட்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாமே புருஷன் வழியாகத்தான். முனுசாமி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நல்ல காரியம்னு சொல்றாரே, மஞ்ச இல்லாம இன்னா நல்ல காரியம்னு கேக்குது சார்."

நைட் ஷிஃப்ட் மாடு

பருவத்துக்கு வந்த மாடு காளையைத் தேடிக் கத்தும். 'மாடு கத்துது' என்றாலே எங்கள் பக்கத்தில் அர்த்தம் அதுதான். எங்களுக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: காலையில் கத்த ஆரம்பித்தால் மாலையில் ஊசி, மாலையில் கத்த ஆரம்பித்தால் மறுநாள் காலையில் ஊசி. முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண்.

செவலைக்கு முதல் ஊசியில் சினை நிற்கவில்லை. இரண்டாவது முறையும் முனுசாமி விடிந்ததும் சைக்கிளில் வந்து நின்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். காலையில்தான் சார் என்றார். மாலையில் போய்ப் போட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி சைக்கிள், மறுபடி காலையில்தான், மறுபடி மாலையில் ஊசி. ஒவ்வொரு முறையும் மனிதர் தூக்கம் இல்லாமல் கண் சிவந்து நிற்பார். இரவெல்லாம் உலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு நேராக என்னிடம் வருகிறார். பாவமாக இருக்கும். மூன்றாவது முறை அவர் சொன்னதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, யோசித்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னது: "நான் நைட் ஷிஃப்ட் போற வாரமாப் பாத்துத்தான் சார் கத்துது இது. என்னைத் தூங்க வுடக் கூடாதுன்னு கங்கணம் கட்டிகினு கீது."

துவரையா கடலையா?

மூன்றாவது ஊசியும் நிற்கவில்லை. ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது: ஊசி டாக்டருக்குக் கைராசி போய்விட்டது. யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் எங்கள் கால்நடை நிலையத்தின் வாசல் வழியாகவே இரண்டு பேர் மாட்டை வல்லத்துக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே ஒருவர் காளை வளர்க்கிறார். எங்கே போகிறீர்கள் என்றால், சும்மா மேய்ச்சலுக்கு என்றார்கள். வழியெல்லாம் புல் இருக்க, அவ்வளவு தூரம் மேய்ச்சலுக்குப் போகிற மாட்டை நான் பார்த்ததில்லை.

மற்றவர்கள் சொன்னால் பரவாயில்லை, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊசி போடும்போது ஒரு கையை மாட்டின் பின்வழியாக உள்ளே விட்டுக் கருப்பையைத் தடவிப் பிடித்துக்கொள்வோம். பருவத்தில் இருக்கிற மாட்டின் கருப்பை விரலுக்கு அடியில் விறைப்பாக நிற்கும். செவலைக்கு மட்டும் மூன்று முறையும் தளர்வாகத் தெரிந்தது. தளர்ந்தது மாட்டின் கருப்பையா, என் விரலா? வயது ஆகிறது, தொடு உணர்ச்சி குறைகிறதோ? வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு பருப்பு டப்பாக்களில் கையை விட்டு, துவரையா கடலையா, உளுந்தா பாசிப்பருப்பா என்று சோதித்துக்கொண்டேன். எல்லாம் சரியாகவே சொன்னேன். மனைவி திடீரென்று வந்துவிட்டதால் பயறு வகைகளோடு நின்றது.

நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கும் உதவியாளர் கோவிந்தன். என் வயதுக்காரர். படப்பையிலிருந்து என் மொபெட்டின் பின்னால், சின்னக் கேனைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு தினமும் வருகிறவர். அவரிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். இரண்டு பேருமாகக் கேனில் நைட்ரஜன் மட்டம் பார்த்தோம், வெந்நீரின் சூடு பார்த்தோம், அதே குச்சிகளைப் போட்டு மற்ற ஊர்களில் சினை பிடித்த மாடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம். எதிலும் குறை இல்லை. கோவிந்தன் கேனை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே மாட்டத்தான் சார் கேக்கணும்."

தரகர் கேட்ட கேள்வி

சித்திரை வெயிலில் முனுசாமி ஆள் அனுப்பினார். போனால், முருங்கை மரத்தடியில் தரகர் ஏழுமலை உட்கார்ந்திருக்கிறார். அவர் வாங்குகிற மாடு வேறு வீட்டுக்குப் போகாது. நேராக அடிமாட்டு லாரிக்குத்தான் போகும். மாட்டுக்குப் பால் வற்றிக்கொண்டே வருகிறது, தீனி மட்டும் குறையவில்லை, இன்னும் எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது என்று முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குப் பின்னால் தனம் நிற்பது சேலை நுனியில் தெரிந்தது.

ஏழுமலைக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒரே வார்த்தை: மலடு. அதை நான் சொல்லிவிட்டால் முனுசாமிக்கும் மனசு ஆறும், பேரமும் படியும். கையுறையை மாட்டிக்கொண்டு மாட்டைச் சோதித்தேன். நேரம் எடுத்துக்கொண்டேன். கருப்பையில் குறை இல்லை, சினைப்பைகள் இரண்டும் நன்றாக இருந்தன. மலடு இல்லை என்றேன். என் குரலே எனக்கு வக்காலத்து வாங்குவதுபோல் கேட்டது. ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார்: "மாட்டுல கோளாறு இல்ல. ஊசில கோளாறு இல்லன்றீங்க. அப்ப கோளாறு யாராண்ட கீது சார்?"

கதவுக்குப் பின்னால்

ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்பதற்காக, இதுவரை கேட்ட அதே கேள்வியை முனுசாமியிடம் மறுபடி கேட்டேன். மூன்று முறையும் கத்த ஆரம்பித்தது எப்போது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். மூன்று முறையும் காலையில்தான் சார், நான் ஷிஃப்ட் முடிஞ்சி வூட்டுக்கு வரும்போதுதான் என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. புருஷனிடம் பேசுவதுபோல்தான் பேசினார். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னாய்யா காலைல? முந்தின நாள் நீ வேலைக்குக் கெளம்பிப் போனதும், வெளக்கு வெக்கற நேரத்துலருந்து கத்திகினு கீது. காலைலதான் நீ வூட்டுக்கு வர. வந்ததும் உன்னாண்ட சொல்றேன்."

முனுசாமி பொய் சொன்னவர் அல்ல. தனக்குத் தெரிந்த நேரத்தை, மாட்டுக்கு ஆரம்பித்த நேரமாக நினைத்துவிட்டார். நானும் மாட்டுக்குப் பதில் முனுசாமியின் ஷிஃப்டைக் கணக்கில் வைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். முதல் நாள் மாலையில் கத்தியதற்குக் காலையிலேயே போட்டிருக்க வேண்டும். நான் போனதோ மறுநாள் மாலை. தளர்ந்திருந்தது என் விரல் இல்லை, பருவம் முடிந்துகொண்டிருந்த மாடுதான். மாட்டுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பருவம். முனுசாமிக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று மூன்று வாரத்துக்கு ஒரு முறை நைட் ஷிஃப்ட். மாடும் கம்பெனியும் ஒரே சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

அன்றைக்கே யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று முனுசாமி கொஞ்சம் குரலை உயர்த்தினார். எனக்கும் அதே கேள்விதான் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கேசரித் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கே வாயில் வராத விஷயம் அது. கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "யாராண்டய்யா சொல்லி அனுப்பறது? ரோட்ல போற ஆம்பளையக் கூப்ட்டு, எங்க மாட்டுக்குக் காளை வேணுமாம்னு சொல்லட்டா?"

சிவப்புத் துணி

ஏழுமலை நியாயஸ்தர். இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், அதுவும் நிற்கவில்லை என்றால் மாடு தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் மொபெட்டில் வருகிறேன். வாயால் சொல்ல வேண்டாம், மாடு கத்த ஆரம்பித்ததும் ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி முருங்கை மரத்தில் ஒரு துணியைக் கட்டிவிடச் சொல்லுங்கள் என்று முனுசாமியிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சொன்னார். கம்பெனியில் கை துடைக்கக் கொடுக்கும் சிவப்புத் துணி ஒன்று கிடக்கிறது, அதையே கட்டுவதாகப் பதில் வந்தது.

அடுத்த வாரமே மரத்தில் சிவப்புத் துணி. கணக்குப்படி இன்னும் நாள் இருந்தது, ஆனால் கணக்கை நம்பிப் பட்டது போதும் என்று மொபெட்டைத் திருப்பினேன். கோவிந்தன் கேனோடு குதித்து இறங்கினார். முனுசாமி லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டு நின்றார். வாயில் நுரையோடு, அது நேற்றுக் கை துடைத்த துணி சார், அலசிக் காயப்போட்டேன் என்றார். செவலை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசைபோட்டது.

முனுசாமிக்கு மறுபடி நைட் ஷிஃப்ட் வாரம் வந்தது. தினமும் அந்தத் திருப்பத்தில் மொபெட்டை மெதுவாக்கி மரத்தைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் காலையில் துணி இருந்தது. இந்த முறை காயப்போட்ட துணி அல்ல, இறுக்கி முடிச்சுப் போட்ட துணி. நாங்கள் படலைத் திறந்ததும் நிலைப்படியில் சொம்பு தயாராக இருந்தது. வெறும் வெந்நீர். பக்கத்தில் ஒரு தட்டில், தனியாக, கொஞ்சம் மஞ்சள். கோவிந்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கருப்பை என் விரலுக்கு அடியில் விறைப்பாக நின்றது. இவ்வளவு நாள் என் கையைச் சந்தேகப்பட்டதற்காகக் கையிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. எல்லாம் முடிந்து, தட்டில் இருந்த மஞ்சளைத் தொட்டு மாட்டின் நெற்றியில் வைத்துவிட்டுப் புறப்படும்போது முனுசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். எங்களையும் மாட்டின் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாந்தவர்போலக் கேட்டார்: "அப்ப நான் இல்லாமலே முடிஞ்சிட்ச்சா?"

நிக்குதா?

மூன்று வாரம் போனது, மாடு கத்தவில்லை. ஆறு வாரம் போனது, கத்தவில்லை. நல்ல அறிகுறிதான். ஆனாலும் கை வைத்துப் பார்க்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. ஆடியில் ஒரு காலை, சினை பார்க்கப் போனேன். ஏழுமலையும் வந்திருந்தார். தெருப் பெண்கள் நாலைந்து பேர், தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள்போலக் குடத்தோடு வேலிப் பக்கம் நின்றார்கள்.

கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். பருப்பு டப்பா ஞாபகம் வந்தது. அவசரப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பக்கம் சாதாரணமாக இருந்தது. மறுபக்கம் தண்ணீர் நிறைந்த பலூன்போல உருண்டு, விரலுக்கு அடியில் மெல்ல வழுக்கியது. சந்தேகமே இல்லை. ஆனாலும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். தொடுவதற்கு ஆசையாக இருந்தது என்பதுதான் நிஜம். கையை எடுத்துக்கொண்டு, நிக்குது என்றேன். முனுசாமி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஏழுமலை எழுந்து, கன்று போட்டதும் சீம்பால் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டு, வருத்தமில்லாமலே நடையைக் கட்டினார்.

கதவு முழுசாகத் திறந்தது. தனம் வாசலுக்கு வந்து, வேலிப் பக்கம் திரும்பி, சொசைட்டியில் பேசுகிற அதே குரலில், எங்க செவலை சினையா கீது என்று தெருவுக்கே சொன்னார். குடத்துப் பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர், அந்தச் சிவப்புத் துணி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். இப்போது அந்தத் தெருவில் மட்டும் நாலு வீட்டு மரத்தில் துணி ஏறி இறங்குகிறது. வல்லத்துக்கு மேய்ச்சலுக்குப் போன மாடுகளும் திரும்பிவிட்டன. தனம் அதோடு விடவில்லை. முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னார்: "டாக்டரே, இனிமே எப்ப கத்துச்சின்னு என்னையே கேளுங்க. அவரு ஷிஃப்ட் முடிஞ்சி வந்து தூங்கற மனுசன், அவருக்கு இன்னா தெரியும்?"

இத்தனை வருடமாக மாட்டுக்குப் பின்னால் நின்றவனுக்கு, கதவுக்குப் பின்னால் நிற்பவரையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தெரிய, ஒரு மாடு மூன்று முறை தோற்றுக் காட்ட வேண்டியிருந்தது.